ஸ்டுகா விமானம் ஏன் அப்படி அலறுச்சு?

சினிமாலயும் கேம்லயும் யூடியூப் ஷார்ட்ஸ்லயும் ஒரு விமானம் மூக்கைக் கீழ குத்தி விழுந்தா பின்னாடி ஒரே சத்தம்தான் வரும். மெதுவா ஆரம்பிச்சு கிறீச்னு ஏறிக்கிட்டே போற ஒரு ஊளை. பயணிகள் விமானம் விழுற சீனா இருந்தாலும் அதேதான். இதைக் கேட்டுக் கேட்டு, வேகமா கீழ இறங்குற எந்த விமானமும் தானாவே இப்படித்தான் கத்தும்னு நிறைய பேர் நம்பிட்டாங்க. அப்படி இல்ல. அந்த ஊளை இரண்டாம் உலகப்போர்ல ஜெர்மன்காரங்க ஓட்டுன யுங்கர்ஸ் 87 விமானத்தோடது, ஸ்டுகான்னு சொன்னா எல்லாருக்கும் தெரியும். அதுவும் இன்ஜின் போட்ட சத்தம் கிடையாது, வேணும்னே தனியா ஒரு சைரனை மாட்டி அலற வெச்சாங்க.

இங்கதான் குழப்பமே. குண்டு போட வர்றவன் சத்தமில்லாம வரணும்னு நினைப்பானா, இல்ல ஊருக்கே கேக்குற மாதிரி கத்திக்கிட்டு வருவானா? எதிரிக்கு முன்கூட்டியே தகவல் சொல்ற ஆயுதத்தால என்ன லாபம்? இதுக்குப் பதில் புரியணும்னா முதல்ல டைவ் பாமிங்னா என்னன்னு பாக்கணும்.

நேரா பறந்து குண்டு போட்டா என்ன பிரச்சனை

1930கள்ல குண்டுவீச்சு விமானம் பொதுவா உயரத்துல படுக்கைவசமா பறந்துக்கிட்டே குண்டைக் கழட்டி விடும். ஒரு சின்னக் கணக்கு போட்டா இதுல இருக்கிற சிக்கல் தெரியும். 4500 மீட்டர் உயரத்துல இருந்து விடுற குண்டு தரைக்கு வர ஏறக்குறைய 30 செகண்ட் ஆகும். விமானம் மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்துல போகுதுன்னா குண்டுக்கும் அதே முன்வேகம் இருக்கும், அதாவது செகண்டுக்கு 83 மீட்டர். காத்துத் தடையை விட்டுட்டு பாத்தாகூட அந்தக் குண்டு கழண்ட இடத்துல இருந்து ரெண்டரை கிலோமீட்டர் முன்னாடி போய்தான் விழும். வேகத்தை 5 சதவீதம் தப்பா கணிச்சாலே 125 மீட்டர் தள்ளி விழுந்துரும், இதுக்கு மேல நடுவுல அடிக்கிற காத்து வேற. ஒரு பெரிய ஊர் மேல போடுறதுக்கு இது போதும் (அப்படித்தான் போட்டாங்களும்), ஆனா ஒரு பாலத்தையோ ஒரு பீரங்கியையோ நகர்ற கப்பலையோ குறி வெக்க இது உதவாது.

டைவ் பாமிங்ல இந்தத் தலைவலியைச் சுத்தி வந்துட்டாங்க. விமானத்தையே குறியைப் பாத்து கிட்டத்தட்ட செங்குத்தா இறக்கி, 450 மீட்டர் உயரம் வரைக்கும் வந்து குண்டை விடுறது. அந்த இடத்துல விமானம் மணிக்கு 540 கிலோமீட்டர் வேகத்துல வருதுன்னு வெச்சுக்கிட்டா குண்டு தரையைத் தொட 3 செகண்ட்கூட ஆகாது, காத்து அதைத் தள்ளிவிடவும் நேரம் இல்ல. விமானம் எந்தப் பக்கம் பாக்குதோ குண்டும் அங்கதான் போகும். பழகின பைலட் 30 மீட்டருக்குள்ள போட்டுருவாரு. கம்ப்யூட்டரும் லேசரும் இல்லாத காலத்துல இது பெரிய விஷயம்.

இந்த ஐடியா ஜெர்மனிக்குள்ள எப்படி வந்துச்சு

டைவ் பாமிங்கை ஜெர்மன்காரங்க கண்டுபிடிக்கல, அமெரிக்க கடற்படை அவங்களுக்கு முன்னாடியே பண்ணிக்கிட்டு இருந்துச்சு. எர்ன்ஸ்ட் ஊடெட்னு ஒருத்தர், முதல் உலகப்போர்ல 62 விமானத்தைச் சுட்டு விழுத்துன ஆளு, அமெரிக்கா போனப்போ கர்டிஸ் ஹாக் விமானம் செங்குத்தா டைவ் அடிக்கிறதைப் பாத்து அசந்துபோய் ஹிட்லரோட விமானத்துறை அமைச்சர் கோரிங் தயவுல ரெண்டை ஜெர்மனிக்கு வாங்கிட்டு வந்துட்டாரு. யுங்கர்ஸ் கம்பெனில ஹெர்மன் போல்மன் டிசைன் பண்ண யுங்கர்ஸ் 87 1935 செப்டம்பர்ல முதல் தடவை பறந்துச்சு. வேடிக்கை என்னன்னா அந்த முதல் விமானத்துல இருந்தது பிரிட்டன்காரன் செஞ்ச ரோல்ஸ் ராய்ஸ் இன்ஜின். 1936 ஜனவரில அதே விமானம் டைவ் டெஸ்ட்ல வால் பகுதி ஒடைஞ்சு விழுந்து உள்ள இருந்த ரெண்டு பேரும் செத்துட்டாங்க.

விமானத்துறைக்குள்ளயே இதுக்கு எதிர்ப்பு இருந்துச்சு. வொல்ஃப்ராம் ஃபான் ரிச்ட்ஹோஃபன் (முதல் உலகப்போர்ல சிவப்பு விமானம் ஓட்டிப் பேர் வாங்குன ரிச்ட்ஹோஃபனோட சொந்தக்காரர்) இவ்வளவு மெதுவான விமானம் செங்குத்தா இறங்குனா கீழ இருக்கிறவன் சுட்டுத் தள்ளிருவான்னு சொல்லி 1936 ஜூன்ல திட்டத்தையே நிறுத்த உத்தரவு போட்டாரு. ஆனா அப்பதான் டெக்னிக்கல் ஆபீஸ் பொறுப்பு ஊடெட் கைக்கு வந்துச்சு, வந்த கையோட உத்தரவு ரத்து. பின்னாடி போர் வந்ததும் ஸ்டுகாவை அதிகமா பயன்படுத்துன விமானப்படைப் பிரிவுக்குத் தலைமை தாங்குனது இதே ரிச்ட்ஹோஃபன்தான். அவர் சொன்ன பயம் தப்பில்லன்னு 1940ல தெரிஞ்சுச்சு, அதுக்கு அப்புறம் வர்றேன்.

ஒரு டைவ் எப்படி நடக்கும்

1. சுமார் 4600 மீட்டர் உயரத்துல வருவாங்க. பைலட்டோட கால் பக்கத்துல தரையில ஒரு கண்ணாடி ஜன்னல் இருக்கும், அது வழியா குறி கீழ வந்துருச்சான்னு பாப்பாரு.

2. வந்ததும் இறக்கைக்கு அடியில இருக்கிற டைவ் பிரேக்கை விரிச்சு, விமானத்தைத் தலைகீழா புரட்டி கீழ இழுத்துருவாரு. பிரேக் எதுக்குன்னா அது இல்லாம செங்குத்தா விழுந்தா வேகம் எகிறி இறக்கை பிச்சுக்கும். பிரேக் இருந்தா மணிக்கு 500ல இருந்து 600 கிலோமீட்டருக்குள்ள நின்னுரும்.

3. கோணம் 60ல இருந்து 90 டிகிரி. பக்கவாட்டு கண்ணாடில சிவப்புக் கோடுகள் போட்டிருப்பாங்க, அடிவானத்தை அந்தக் கோட்டோட ஒட்டிப் பாத்து எத்தனை டிகிரில விழறோம்னு தெரிஞ்சுக்கலாம்.

4. குண்டு விட வேண்டிய உயரம் வந்ததும் உயரமானியோட சேர்ந்த லைட் எரியும். பைலட் பட்டனை அமுக்குவாரு. வயித்துக்கு அடியில இருக்கிற பெரிய குண்டை ஒரு கவை மாதிரி இரும்புக் கை வெளிய தள்ளி விடும், இல்லாட்டி குண்டு சொந்த ப்ரொப்பல்லர் மேலயே விழுந்துரும்.

5. அதே நேரத்துல தானியங்கி அமைப்பு ஒண்ணு விமானத்தை மேல தூக்கும். இதுதான் ஸ்டுகாவோட புத்திசாலித்தனமான பகுதி. மேல திரும்புறப்போ 6 ஜி வரைக்கும் அழுத்தம் வரும், அதாவது 70 கிலோ ஆளு 420 கிலோ கனக்குற மாதிரி. ரத்தம் தலையில இருந்து இறங்கி கண்ணு இருட்டிரும், சில செகண்ட் பைலட்டை நம்ப முடியாது, அதனால மெஷினே தூக்கிரும்.

இவ்வளவு இருந்தும் தரை கண்ணுக்குத் தெரியணும். 1939 ஆகஸ்ட் 15ல நொய்ஹாமர்ங்கற இடத்துல நடந்த ஒத்திகைல, மேகத்துக்கு அடியில காலி இடம் இருக்குன்னு நம்பி டைவ் அடிச்சாங்க, ஆனா பனிமூட்டம் தரை வரைக்கும் இருந்துச்சு. 13 விமானம் அப்படியே போய் மோதி 26 பேர் செத்தாங்க. போர் ஆரம்பிக்க 17 நாள்தான் இருந்துச்சு அப்போ.

சைரன்: எங்க இருந்துச்சு, எப்படி வேலை செஞ்சுச்சு

ஸ்டுகாவோட சக்கரம் உள்ள மடங்காது, எப்பவும் வெளிய நீட்டிக்கிட்டு இருக்கும். அந்தக் காலோட முன்பக்கத்துல சுமார் 70 சென்டிமீட்டர் விட்டத்துல மரத்துல செஞ்ச ஒரு சின்ன ப்ரொப்பல்லர், அதோட சேர்ந்த சைரன். கரண்ட் வேண்டாம், மோட்டார் வேண்டாம், எதிர்க்காத்துதான் சுத்தும். பனை ஓலைக் காத்தாடியைப் பிடிச்சுக்கிட்டு ஓடுற பையன் மெதுவா நடந்தா அது மெதுவா சுத்தும், ஓடுனா வெறிபிடிச்ச மாதிரி சுத்தும் இல்லையா, அதே கதைதான். விமானத்தோட வேகம் ஏற ஏற சுத்து ஏறும், சுத்து ஏற ஏற சுருதி ஏறும். அந்த ஊளை ஏன் மேல மேல போகுதுங்கறதுக்கு முதல் காரணம் இது. சும்மா பறக்கும்போது அலறாம இருக்க ஒரு பிரேக்கும் வெச்சிருந்தாங்க.

இதுக்கு வெச்ச பேர் எரிகோ எக்காளம். பைபிள்ல யோசுவாவோட ஆளுங்க எக்காளம் ஊதி ஆர்ப்பரிச்சதும் எரிகோ கோட்டைச் சுவர் இடிஞ்சு விழுந்த கதை நம்ம ஊர்லயும் தெரிஞ்சதுதான். யோசனை ஊடெட்டோடதுன்னு பொதுவா சொல்லுவாங்க. போலந்து, பிரான்ஸ் போர்கள்ல வந்த பி மாடல் ஸ்டுகாலதான் இது பிரபலமாச்சு. எல்லா ஸ்டுகாலயும் எல்லா வருஷமும் இது இருந்துச்சுன்னு நினைக்கிறது தப்பு.

கீழ இருந்தவன் காதுக்கு என்ன வந்துச்சு

ரெண்டாவது காரணம் டாப்ளர் விளைவு. சத்தம் போடுற பொருள் நம்மளை நோக்கி வந்தா அலைகள் நெருக்கமா வரும், சுருதி கூடும், விலகிப் போனா குறையும். ஸ்கூல்ல படிச்சதுதான், ஆனா ஸ்டுகா விஷயத்துல எண்களைப் போட்டுப் பாத்தா கொஞ்சம் திகிலா இருக்கும்.

ஒலியோட வேகம் செகண்டுக்கு 340 மீட்டர்னு வெச்சுக்குவோம், டைவ்ல வர்ற விமானம் 150 மீட்டர். 4600 மீட்டர்ல இருந்து 450 மீட்டருக்கு இறங்க ஏறக்குறைய 28 செகண்ட் ஆகும். ஆனா மேல டைவ் ஆரம்பிச்சப்போ கிளம்புன சத்தம் தரைக்கு வரவே 13 செகண்டுக்கு மேல ஆயிரும், அதுக்குள்ள விமானம் பாதி தூரம் வந்துருச்சு. கடைசியில போட்ட சத்தமோ ஒண்ணே கால் செகண்ட்ல வந்துரும். அதனால மேல 28 செகண்ட் நடந்த அலறலைக் கீழ இருக்கிறவன் சுமார் 16 செகண்ட்ல சுருக்கிக் கேக்குறான், சுருதியும் கிட்டத்தட்ட 1.8 மடங்கு ஏறிப்போய். இது தோராயக் கணக்குதான், வேகம் ஆரம்பத்துலயே 150 இருக்காது, ஆனா விஷயம் புரியும்.

இதைவிட முக்கியம் யாருக்கு எப்படி கேட்டுச்சுங்கறது. கொஞ்சம் தள்ளி நின்னவனுக்கு, விமானம் கடந்து போற நேரத்துல சுருதி தொப்புன்னு இறங்கும், அப்பாடா நமக்கு இல்லன்னு தெரிஞ்சுக்கலாம். ஆனா அது தெரியறது கடைசி செகண்டுகள்லதான். அதுவரைக்கும் ஒரு கிலோமீட்டர் சுற்றளவுல பதுங்குகுழில கிடக்கிற எல்லாருக்கும் சத்தம் ஏறிக்கிட்டேதான் இருக்கும், ஒவ்வொருத்தனும் அது தன்னைப் பாத்துதான் வருதுன்னு நம்புவான். குண்டு 50 பேர் பக்கத்துல விழுதுன்னா ஊளை ஆயிரக்கணக்கான பேர் மேல விழுது. குண்டு வெடிக்காத நேரத்துலயும் ஆளைத் தலை தூக்க விடாம பண்ணணும், ஒரு விமானத்தோட விளைவை நூறு மடங்கு பரப்பணும், இதுதான் சைரனோட லாபக் கணக்கு. எதிரிக்குத் தகவல் போகுதேங்கற கேள்விக்கும் இதுலயே பதில் இருக்கு, அந்தத் தகவலை வெச்சு எதிரியால ஒண்ணும் பண்ண முடியாதுன்னா போகட்டும்னு விட்டுட்டாங்க.

செடான், 1940 மே 13

1939 செப்டம்பர் 1 விடியற்காலைல போலந்துல டிர்ஷாவ் பாலத்தைத் தகர்க்க போலந்துக்காரங்க வெச்சிருந்த வெடிகளோட வயர்களை அறுக்கப் போன மூணு ஸ்டுகாதான் இந்தப் போரோட முதல் தாக்குதல்களில் ஒண்ணு. அதே காலைல வியெலுன் ஊர்ல ஆஸ்பத்திரி மேலயும் ஸ்டுகா குண்டு விழுந்துச்சு, பொதுமக்கள் செத்தாங்க. துல்லியமா அடிக்கிற விமானம்னா ராணுவத்தை மட்டும்தான் அடிக்கும்னு அர்த்தம் கிடையாது.

ஆனா சத்தத்தோட வேலையைப் புரிஞ்சுக்க செடான்தான் சரியான இடம். பிரான்ஸ்ல மியூஸ் ஆத்தைத் தாண்ட ஜெர்மன் தளபதி குடேரியனோட டாங்க் படை காத்திருந்துச்சு, அக்கரையில பிரெஞ்சு பங்கர்களும் பீரங்கிகளும். அன்னைக்கு முழுக்க அலை அலையா வந்து குண்டு போட்டாங்க, ஸ்டுகாவும் மத்த குண்டுவீச்சு விமானங்களும். இவ்வளவு போட்டும் அந்தப் பகுதி பிரெஞ்சுக்காரங்க பக்கம் குண்டுவீச்சுல அடிபட்டது செத்தது சேர்த்து 56 பேர்னுதான் கணக்கு, பங்கர்கள்ல ஒண்ணுகூட நேரடி அடியில நொறுங்கல. வெறும் சேதத்தை வெச்சுப் பாத்தா அது தோல்வியான தாக்குதல்.

ஆனா நடந்தது வேற. பீரங்கிக்காரங்க சுடறதை நிறுத்திட்டு தரையோட ஒட்டிக்கிட்டாங்க. ஃபீல்டு டெலிபோன் வயர் எல்லாம் குண்டுல அறுந்துபோச்சு, அதனால பக்கத்து பங்கர்ல உயிரோட ஆள் இருக்கானான்னுகூட யாருக்கும் தெரியல. தலைக்கு மேல ஊளை, காதுல டெலிபோன் இல்ல, நம்ம விமானம் ஒண்ணையும் வானத்துல காணோம், இப்படி மணிக்கணக்குல. சாயங்காலம் பூல்சோன் பக்கம் ஜெர்மன் டாங்க் வந்துருச்சுன்னு ஒரு வதந்தி கிளம்புச்சு, பீரங்கிப் படை ஆளுங்க கும்பல் கும்பலா ஓட ஆரம்பிச்சாங்க, 55வது டிவிஷன் கலைஞ்சுபோச்சு. அந்த நேரத்துல ஒரு ஜெர்மன் டாங்க்கூட ஆத்தைத் தாண்டல, மறுநாள் காலைலதான் தாண்டுச்சு.

இதை வெச்சு சைரன் ஒண்ணுதான் பிரான்சைத் தோக்கடிச்சுச்சுன்னு எழுதுறவங்க உண்டு, அது மிகை. மணிக்கணக்கான குண்டு, அறுந்த வயர், பயிற்சி கம்மியான ரிசர்வ் சிப்பாய்ங்க, காணாமப்போன சொந்த விமானப்படை, இது எல்லாம் சேர்ந்ததுக்கு மேல சைரன். தனியா இருந்திருந்தா அது வெறும் சத்தம்.

எப்போ பலிக்கல

மூணு மாசத்துல இங்கிலாந்துல ரிச்ட்ஹோஃபனோட பழைய பயம் உண்மையாச்சு.

1. பி மாடல் ஸ்டுகா முழு வேகத்துல போனாலும் மணிக்கு 380 கிலோமீட்டர் சுமார்தான். பிரிட்டனோட ஃபைட்டர் விமானங்களான ஸ்பிட்ஃபயரும் ஹரிக்கேனும் அதைவிட ரொம்ப வேகம். டைவ் முடிச்சு மேல ஏறுற இடத்துல ஸ்டுகா கிட்டத்தட்ட தவழும், அங்க ஃபைட்டர் காத்திருந்தா கதை முடிஞ்சுது. பின்னாடி சுட ஒரே ஒரு மெஷின் கன்.

2. பிரிட்டன்கிட்ட ரேடார் இருந்துச்சு. கடல் தாண்டி வரும்போதே தெரிஞ்சுரும், சைரன் கேக்குறதுக்கு முன்னாடியே ஃபைட்டர்கள் மேல போயிரும்.

3. 1940 ஆகஸ்ட் 18ல தென்கரை விமானத்தளங்களையும் போலிங் ரேடார் நிலையத்தையும் அடிக்க 100க்கு மேல ஸ்டுகா போச்சு. ஒரே படைப்பிரிவுல ஏறக்குறைய 16 விமானம் காலி. அதோட பிரிட்டன் மேல பெரிய அளவுல ஸ்டுகா அனுப்புறதை நிறுத்திக்கிட்டாங்க.

சைரனே விமானத்துக்கு சுமையா இருந்ததையும் சேர்த்துக்கணும். அந்த ரெண்டு மர ப்ரொப்பல்லரும் காத்தை எதிர்த்து நிக்கறதால மணிக்கு 20, 25 கிலோமீட்டர் வேகம் போச்சு. 380 போற விமானத்துக்கு இது சின்ன இழப்பா? எதிர்த்து அடிக்க ஆள் இல்லாத வானத்துல பரவாயில்ல, ஃபைட்டர் துரத்துற வானத்துல அது உயிர். கேக்குறவங்களும் பழகிட்டாங்க, அனுபவப்பட்ட சிப்பாய்க்கு அந்த ஊளை தலையைக் குனியவோ துப்பாக்கியைத் திருப்பவோ நேரம் கொடுக்கிற எச்சரிக்கை மணியாயிருச்சு. சைரனைக் கழட்டி எறிஞ்சாங்க, சில குண்டுகளோட வால்ல விசில் மட்டும் மாட்டிப் பாத்தாங்க.

கழட்டுனதுக்கு அப்புறமும் குறி தப்பல, ஃபைட்டர் இல்லாத இடமெல்லாம் ஸ்டுகா ராஜாதான். 1941 ஜனவரில மால்டா பக்கத்துல இல்லஸ்ட்ரியஸ் விமானந்தாங்கிக் கப்பல்ல அடுத்தடுத்து குண்டுகளை இறக்குச்சு, மே மாசம் கிரீட் கடல்ல பிரிட்டிஷ் கப்பல்களை மூழ்கடிச்சுச்சு, செப்டம்பர்ல லெனின்கிராட் பக்கத்துல சோவியத் போர்க்கப்பல் மராட். 1943ல இருந்து அதே விமானத்துல 37 மில்லிமீட்டர் பீரங்கி ரெண்டு மாட்டி டாங்க் வேட்டைக்கு அனுப்புனாங்க.

சைரன் இல்லாமலே டைவ் பாமிங் என்ன பண்ணும்ங்கறதுக்கு நம்ம பக்கத்துக் கடல்லயே சாட்சி இருக்கு. 1942 ஏப்ரல் 9ல ஜப்பானோட ஐச்சி டைவ் பாம்பர்கள் மட்டக்களப்புக்கு அப்பால ஹெர்மிஸ் விமானந்தாங்கிக் கப்பலை மூழ்கடிச்சுச்சு, 300 பேருக்கு மேல செத்தாங்க. ரெண்டு மாசம் கழிச்சு மிட்வேல அமெரிக்க டான்ட்லெஸ் விமானங்கள் ஜப்பானோட விமானந்தாங்கிகளை அதே முறையில முடிச்சுச்சு. இவங்க யாரும் எக்காளம் ஊதல.

ஊடெட் மோகத்தோட இன்னொரு பில்

போலந்துலயும் பிரான்ஸ்லயும் கிடைச்ச வெற்றி ஜெர்மன் விமானத்துறையைக் கெடுத்துச்சுன்னுகூட சொல்லலாம். எல்லா குண்டுவீச்சு விமானமும் டைவ் அடிக்கணும்ங்கற வெறி ஏறிருச்சு. ஹைன்கல் 177ன்னு ஒரு பெரிய நெடுந்தூர விமானம், அதையும் டைவ் அடிக்க வெக்கணும்னு கேட்டாங்க. நாலு இன்ஜினை ரெண்டு ரெண்டா ஒட்டி ஜோடிக்கு ஒரு ப்ரொப்பல்லர்னு கொடுத்த அந்த டிசைன்ல அடிக்கடி இன்ஜின் தீப்பிடிச்சுது. லாரியை ரேஸ் பைக் ஆக்கச் சொன்னா இப்படித்தான்.

அப்போ சினிமாவுக்கு எப்படிப் போச்சு

போர் நடக்கும்போதே ஜெர்மன் நியூஸ்ரீல்கள் ஸ்டுகா டைவை திரும்பத் திரும்பக் காட்டுச்சு, அந்த ஊளையோட. அந்தக் காலப் போர்க்களக் கேமராக்கள் பெரும்பாலும் ஊமைக் கேமராக்கள், சத்தத்தைப் பின்னாடி ஸ்டுடியோல சேர்ப்பாங்க. அதனால இன்னைக்கு நெட்ல சுத்துற "ஒரிஜினல் ஸ்டுகா சத்தம்" வீடியோக்கள்ல படம் ஒரு இடத்துலயும் சத்தம் இன்னொரு இடத்துலயும் எடுத்ததா இருக்க வாய்ப்பு அதிகம். போருக்கு அப்புறம் சவுண்ட் எஃபெக்ட் லைப்ரரிகள் வழியா அது எல்லா விழற விமானத்துக்கும் ஒட்டிக்கிச்சு. மொத்தம் சுமார் 6000 ஸ்டுகா செஞ்சதுல முழுசா மிஞ்சுனது ரெண்டுதான், ஒண்ணு சிகாகோ மியூசியத்துல, இன்னொண்ணு லண்டன் ஆர்ஏஎஃப் மியூசியத்துல. ரெண்டுமே பறக்கிறதில்ல.

இன்னைக்கு உக்ரைன் செய்திகள்ல ஷாஹெட் ட்ரோன் சத்தம் பத்தி வரும்போது இதையும் ஸ்டுகாவையும் ஒப்பிடுறாங்க. ஷாஹெட்ல சைரன் எதுவும் இல்ல, மலிவான பிஸ்டன் இன்ஜின் போடுற சத்தம் அது, உக்ரைன்காரங்க மொபெட்னே பேர் வெச்சுட்டாங்க. 1944ல லண்டன் மேல வந்த வி-1 பறக்கும் குண்டும் அப்படித்தான், அதுல ஜனங்க பயந்தது சத்தத்துக்கு இல்ல, சத்தம் திடீர்னு நின்னா கீழ விழப்போகுதுன்னு அர்த்தம்ங்கறதுக்கு. இது ரெண்டும் இன்ஜினோட தவிர்க்க முடியாத இரைச்சல். எடையையும் வேகத்தையும் விலையா கொடுத்து, பயமுறுத்துறதுக்குன்னே தனியா ஒரு கருவியை மாட்டுனது ஸ்டுகா, ரெண்டையும் ஒரே பட்டியல்ல போடக்கூடாது.